இந்தப் பிரதி தங்களுக்கு மட்டுமே உரியது

யாராவது பெயர் கேட்டால் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும், அதையும் நிமிர்ந்து நின்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். கேட்பது மனிதராக இருந்தால் அது நல்ல பழக்கம். கேட்பது கம்ப்யூட்டராக இருந்தால் அதைவிட ஆபத்தான பழக்கம் வேறு கிடையாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், இரண்டு ஒலிபெருக்கிகள் சாட்சியாகத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் ஆசிரியை. வீடு திருக்கழுக்குன்றம். அப்பா அங்கே கோயில் அலுவலகத்தில் எழுத்தர். நான் 'சி' என்கிற கணினி மொழியைச் சொல்லிக்கொடுத்ததால், என் பெயரே 'சி மேடம்' ஆகிவிட்டது. முதலாளி, மாணவர்கள், டீ கொண்டுவருகிறவர், யாருக்குமே எனக்குக் கல்பனா என்று ஒரு பெயர் இருப்பது ஞாபகத்தில் இல்லை. (எனக்கே சில சமயம் கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும்.)

ஒருவர் மட்டும் என்னைக் "கல்பனா மேடம்" என்று கூப்பிட்டார். அவர் டேவிட். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் வகுப்பு அவருடையது. கருங்குழியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவருடைய அப்பா, அம்மா இருவரும் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவர் பி.காம். படித்துவிட்டு, பேசுவதற்கு முன் ஒவ்வொரு வார்த்தையையும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுகிற மனிதராக வந்து சேர்ந்தார். ஒரு மனிதர் என் பெயரைச் சரியாகச் சொன்னார் என்பதற்காகவே காதலிக்க ஆரம்பித்துவிட்டேன். அவ்வளவு மலிவாகக் கிடைத்தேன் நான். அவருக்கு அது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதில் என் முழு அறிவையும் செலவழித்தேன்.

எனக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. வீடியோ கேம். பள்ளிக்கூட நாட்களில் எதிர்வீட்டு டிவியில் கேசட்டை ஊதி ஊதிச் செருகி ஆடியதில் தொடங்கியது. சம்பாதிக்க ஆரம்பித்ததும் நான் செய்த முதல் ஊதாரித்தனம், சென்னைக்குப் போய் ஒரு விளையாட்டை ஒரிஜினலாக, பெட்டியோடு வாங்கியது. அந்தக் காலத்தில் ஒரிஜினல் சிடி வாங்குகிறவர்களை எங்கள் பக்கத்தில் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள்.

அது ஒரு துறைமுக நகரத்தைக் கட்டும் விளையாட்டு. வாயில் நுழையாத நீளமான ஆங்கிலப் பெயர். பெட்டிக்குள் சிடி, தடித்த கையேடு, மடித்து வைத்த கடல் வரைபடம். அந்தப் பெட்டியை நான் முகர்ந்து பார்த்ததுகூட உண்டு. இப்போதெல்லாம் காசு கொடுத்து வாங்கினாலும் விளையாட்டு நம்முடையது இல்லை. அவர்கள் சர்வரை நிறுத்திவிட்டால், நாம் கட்டிய ஊர், வளர்த்த ஆள், சேர்த்த கப்பல் எல்லாம் அன்றோடு போச்சு. வாடகை வீட்டுக்குச் சொந்தச் செலவில் டைல்ஸ் போட்ட கதைதான். அந்தப் பெட்டியோ என்னுடையது. அதைத் தயாரித்த கம்பெனியே கடலில் மூழ்கினாலும் என் துறைமுகத்துக்குக் கப்பல் வரும். ஆகவே, ஒருநாள் மதிய இடைவேளையில் லேபின் கடைசி மூலைக் கம்ப்யூட்டரில் அதை ஏற்றும்போது, "இந்தப் பிரதியின் உரிமையாளர் யார்? முழுப் பெயரைத் தருக, பிறகு மாற்ற இயலாது" என்று திரை கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்பனா என்று அடித்தேன். அதோடு எழுந்து சாப்பிடப் போயிருக்க வேண்டும்.

பக்கத்து அறையில் டேவிட் யாருக்கோ வரவு, பற்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் மெதுவாகக் கேட்டது. காகிதத்தில் எழுதினால் யார் கண்ணிலாவது படும், கம்ப்யூட்டருக்குள் போட்டால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். (அப்படி நினைத்த கம்ப்யூட்டர் ஆசிரியை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.) முன்னால் ஒரு 'மிஸஸ்' சேர்த்தேன். பின்னால் ஒரு 'டேவிட்' சேர்த்தேன். அழகாகத்தான் இருந்தது. விரல் தானாகப் போய் என்டரைத் தட்டிவிட்டது.

அன்று முதல் விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் பெரிய பொன்னிற எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரவேற்பு வரும். "மிஸஸ் கல்பனா டேவிட், மீண்டும் வருக. இந்தப் பிரதி தங்களுக்கு மட்டுமே உரியது." அதைப் பார்ப்பதற்காகவே சில நாள் திறந்து, பார்த்துவிட்டு, மூடியிருக்கிறேன். யாரும் கண்டுபிடிக்காமலிருக்க 'சிலபஸ்' என்று பெயரிட்ட ஃபோல்டருக்குள் ஒளித்துவைத்தேன். எங்கள் சென்டரில் சிலபஸைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பாபு என்பவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவர் அவர்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை இருந்த பிரவுசிங் சென்டர்களுக்கும் அவர்தான் வைத்தியர். எங்கே புது மெஷின் வந்தாலும், ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல், நன்றாக ஓடுகிற ஒரு மெஷினின் ஹார்டு டிஸ்கை அப்படியே நகல் எடுத்து எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவார். எங்கள் சென்டரில் வைரஸ் இல்லாமல், சுத்தபத்தமாக, நன்றாக ஓடிய மெஷின் ஒன்றே ஒன்றுதான். கடைசி மூலையில் இருந்தது.

இது நடந்துகொண்டிருந்த விஷயமே எனக்குத் தெரியாது.

அந்த வருடம் எங்கள் முதலாளி மாமல்லபுரத்தில் கிளை திறப்பதாக அறிவித்தார். கிளைக்குப் பொறுப்பாளர் நான். வீட்டிலிருந்து பஸ்ஸில் பக்கம், சம்பளமும் உயரும். அதைவிடப் பெரிய விஷயம், கணக்கு வகுப்புக்கு டேவிட்டையும் வாரத்தில் பாதி நாள் அங்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். நான் கிட்டத்தட்ட மிதந்துகொண்டிருந்தேன். திறப்பு விழாவுக்கு அப்பாவையும் அழைத்தேன். அவர் வெள்ளைச் சட்டையில், கோயில் பிரசாதத்தோடு வந்தார்.

சிறப்பு விருந்தினராக வரவேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. வழியில் முட்டுக்காட்டில் படகில் ஏறியவர் இன்னும் இறங்கவில்லை என்று தகவல் வந்தது. முதலாளி சுற்றும்முற்றும் பார்த்தார். அப்பாவின் வெள்ளைச் சட்டை கண்ணில் பட்டது.

"ஐயா, இன்னிக்கி நீங்கதான் சீஃப் கெஸ்ட்" என்று மாலையை அவர் கழுத்தில் போட்டு, நடுவிலிருந்த பெரிய மானிட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார். கையில் மைக்கையும் கொடுத்தார். வாசலில் இருபுறமும் ஒலிபெருக்கி. அதுவரை சினிமாப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தினார்கள். ஊரே கவனித்தது.

"எல்லா மெஷின்லயும் புள்ளைங்களுக்குப் புடிச்ச மாதிரி ஒண்ணு ரெடியா வெச்சிகீறேன் சார்" என்றார் பாபு. "ஐயா என்டர் தட்னா போதும்."

கற்கண்டுத் தட்டோடு டேவிட் என் பக்கத்தில் நின்றார். நான் கைதட்டத் தயாராக நின்றேன். அப்பா என்டரைத் தட்டினார்.

பொன்னிற எழுத்துகளைப் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, பழக்கதோஷம். ஒரு நொடி கழித்துத்தான் காதிலிருந்து ஆவி கிளம்பியது.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவில்லை. கோயில் திருவிழாவில் மைக்கில் அறிவிப்பு வாசிப்பவர் அவர். கூட்டத்தில் தொலைந்த குழந்தையின் பெயரை அவர் வாசித்தால் குழந்தையே அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும். அவர் கையில் மைக்கும் கண்முன் எழுத்தும் ஒரே நேரத்தில் இருந்தால் வாசிக்காமல் இருக்க அவரால் முடியாது.

"வெல்கம் பேக், மிஸஸ் கல்பனா டேவிட்" என்று நிறுத்தி வாசித்தார். "திஸ் காப்பி பிலாங்ஸ் டு யூ அலோன்." ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் மொழிபெயர்க்கவும் செய்தார். "அதாவது, திருமதி கல்பனா டேவிட் அவர்களே, மீண்டும் வருக. இந்தப் பிரதி தங்களுக்கு மட்டுமே..."

அங்கே குரல் நின்றது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மாலைக்கு மேலே அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அதற்குள் வெளியே சத்தம் கிளம்பிவிட்டது. "டேய், கல்பனா டேவிட் வந்துகீதுடா. எல்லா மிஷின்லயும் கீதாம்" என்று யாரோ கூவ, ஒரு கூட்டம் இளைஞர்கள் உள்ளே புகுந்தார்கள். பாதிப் பேர் தலையில் கல்தூள், சிற்பப் பட்டறையிலிருந்து அப்படியே வந்தவர்கள். மற்றவர்கள் மீனவர் குப்பத்துப் பிள்ளைகள். அந்த விளையாட்டு மாதக்கணக்காக அந்தக் கடற்கரை பூராவும் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன் உண்மையான பெயர் வாயில் நுழையாததால், திறந்ததும் தெரிகிற பெயரையே அதற்கு வைத்துவிட்டிருந்தார்கள். பிரவுசிங் சென்டருக்குப் போய் "அண்ணாத்த, ஒரு மணி நேரம் கல்பனா டேவிட் போடு" என்று கேட்டுத்தான் ஆடுவார்களாம்.

கல்தூள் தலையோடு ஒருவன் அப்பாவிடம் பணிவாகக் கேட்டான். "ஐயா, கல்பனா டேவிட்ட உங்களுக்குத் தெரியுமா?"

"கல்பனாவைத் தெரியும்" என்றார் அப்பா. மைக் இன்னும் கையில்தான் இருந்தது. "டேவிட்டைத்தான் தெரியலை."

முதலாளி கலவரத்தோடு, "யாருப்பா இந்தம்மா?" என்று பாபுவைக் கேட்டார்.

"கேம் ஓனரு சார். போட்டுகீதே, அவங்களுக்கு மட்டும்தான் சொந்தம்னு. அமெரிக்கால கீற நம்மாளு போல." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "இன்னா சி மேடம், ஒடம்பு சரியில்லியா, வேர்க்குது?" என்றார்.

அந்த நேரத்தில் மூளை உள்ள பெண் என்ன செய்வாள் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். நான் செய்தது, ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்ததுதான். கிளை முழுக்க இருட்டாயிற்று. மின்வெட்டு என்று முதலாளி சமாளிக்க, பாபு வந்து, "பீஸ்லாம் போவலியே" என்று சுவிட்சை மேலே தள்ளினார். பொறுப்பான மனிதர். ஒவ்வொரு மெஷினாகப் போய், எல்லாவற்றிலும் விளையாட்டைத் திரும்பத் திறந்து வைத்தார். முன்பு ஒரு பெரிய மானிட்டரில் வந்த வரவேற்பு இப்போது நான்கு சுவரோரமும் இருந்த எல்லா மானிட்டரிலும் வந்தது.

நான் பின்பக்கம், இன்னும் இணைப்புக் கொடுக்காத பேட்டரிகள் அடுக்கியிருந்த சின்ன அறைக்குள் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் டேவிட் வந்தார். கற்கண்டுத் தட்டைக் கீழே வைக்கக்கூட மறந்திருந்தார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்தேன்.

அவர் வார்த்தைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கல்பனா மேடம், உங்க வீட்டுக்காரர் பேரும் டேவிட்டுங்களா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் நிஜமாகத்தான் கேட்டார். முகம் சுண்டிப்போயிருந்தது. "கல்யாணம் ஆனத சொல்லவே இல்லியே. ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதுன்னா நானும் சொல்ல மாட்டேன்" என்றார்.

இங்கேதான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்து, "ஆமா" என்றேன்.

"இன்னா வேலை செய்யறாரு?"

"கப்பல்ல."

(முந்தின நாள்தான் என் துறைமுகத்தில் ஒரு கப்பல் கட்டி முடித்திருந்தேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.)

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு கற்கண்டை என் கையில் வைத்துவிட்டுப் போனார். வாசல்படியில் கால் இடறினார். நான் விரும்பிய மனிதர் முன்னாலேயே, அவர் பெயரிலேயே இன்னொருவரை எனக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டேன். உலகத்தில் எந்தப் பெண்ணும் இவ்வளவு சுருக்கமாகத் தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

சாயங்காலம் அப்பாவும் நானும் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் ஏறினோம். மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே வருகிறவர் அன்று ஒரு பலகையையும் வாசிக்கவில்லை. ஊர் நெருங்கும்போது கேட்டார்.

"கற்கண்டு தட்டு வெச்சிக்கினு நின்னாரே, அவரா?"

"ஆமாம்ப்பா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவருக்கே தெரியாதா?" அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "முட்டுக்காடு வரைக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மைக்ல தெரிஞ்சிருக்கு. அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

கோபமாக ஆரம்பித்த வாக்கியம்தான். முடிக்கும்போது அவர் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க மாலையால் வாயை மூடிக்கொண்டார். கண்டக்டர் அவர் அழுவதாக நினைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார். அப்பா சிரித்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "மத்தவங்க பேரை எடுத்து எழுதறதுக்கு முன்னாடி அவங்களைக் கேக்கணும்மா. நாளைக்கி அவரு சொந்தக்காரங்க பார்த்தா அவருக்கு இன்னா பதில்?" என்றார். அந்தக் கோணத்தில் நான் ஒருமுறைகூட யோசித்திருக்கவில்லை. என் மானம் போனதைப் பற்றியே அழுதுகொண்டிருந்தேன். அவர் பெயரையும் அல்லவா ஊர் ஊராக அனுப்பியிருக்கிறேன்.

திங்கட்கிழமை செங்கல்பட்டு சென்டரில் டேவிட்டைத் தேடிப் போனேன். வகுப்பு முடிந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், கப்பல்ல யாரும் இல்ல."

"எறங்கிட்டாருங்களா?"

"ஏறவே இல்ல. அப்படி ஒருத்தரே இல்ல. எனக்குக் கல்யாணம் ஆவலை."

துடைப்பது நின்றது. "அப்ப அந்த டேவிட் யாருங்க?"

"நீங்கதான்."

பலகையில் ஏற்கெனவே அழித்த இடத்தையே திரும்பத் துடைக்க ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவரைக் கேட்காமல் அவர் பெயரைப் போட்டது தப்பு, பாபுவிடம் சொல்லி எல்லா இடத்திலும் அழித்துவிடுகிறேன் என்றேன்.

"பேரை மட்டும் மாத்த முடியாதுங்களா?"

"முடியாது. ஒருதடவ போட்டா போட்டதுதான். மொத்தமா அழிக்கணும். அந்தப் பசங்க கட்டின ஊரெல்லாம் போயிடும்."

அவர் கூட்டிப் பார்த்தார். கழித்துப் பார்த்தார். காதோரம் சிவந்து வருவது எனக்குத் தெரிந்தது. "பசங்க கஷ்டப்பட்டு கட்டியிருப்பாங்க" என்றார். "பேரை மாத்த முடியாதுன்னா, விஷயத்தைத்தான் மாத்தணும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய, மத்தியானம் ஆயிற்று. (நான் லாஜிக் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை.)

விஷயத்தை மாற்றுவது அவர் சொன்ன அளவுக்குச் சுலபமாக இல்லை. எங்கள் சொந்தத்தில் சிலர் சொன்ன காரணங்களை இங்கே எழுத மாட்டேன், எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள்தான். அவர் அம்மாவும், பெரிய இடத்து வம்பு வேண்டாம் என்று கருங்குழியில் பயந்துகொண்டிருந்தார். கோயில் எழுத்தர் வீடு என்ன பெரிய இடம் என்று அப்பாவே நேரில் போய்ப் பேசினார். அதற்குள் இரண்டு பொங்கல் போய்விட்டது. கடைசியில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். என் சித்தப்பா வரவில்லை. சிற்பப் பட்டறைப் பையன்கள் வந்தார்கள். ஆள் சேராமல் தள்ளாடிய மாமல்லபுரம் கிளை தப்பித்ததே அவர்களால்தான். கல்பனா டேவிட் என்பது 'சி மேடம்'தான் என்று தெரிந்ததும், விளையாட்டை உண்டாக்கியதே நான் என்று நம்பி, கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். நான் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் படித்தார்கள். அவர்களில் ஒருவன் இன்று நிஜமாகவே விளையாட்டு எழுதுகிற வேலையில் இருக்கிறான். தன் விளையாட்டைப் போட்டுப் பார்க்க எனக்கு அனுப்பியபோது, "மேடம், இது பேர் கேக்காது" என்று எழுதியிருந்தான். அந்தப் பையனைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு.

ஆனால் அந்த நாளில் நான் உண்டாக்கிய ஒருவர் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. கப்பல்காரர். அந்த இன்னொரு டேவிட்.

இந்த டேவிட் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால், "கப்பல்ல இருக்கறவர் கொடியில காயப்போடுவார்" என்பேன். என் குழம்பில் உப்பு கூடினால், "இதுக்குத்தான் அவர் கரைக்கே வர்றதில்ல" என்பார் இவர். அப்பா போன் செய்தால் முதல் கேள்வி, "எந்த டேவிட் வீட்ல?" எங்கள் மகளுக்கு, பேசத் தெரிந்த நாளிலிருந்து, கடலில் ஒரு பெரியப்பா.

அவள்தான் அவருக்கு ஒரு வேலை கண்டுபிடித்தாள். எந்த விளையாட்டு பெயர், வயது, தொழில் கேட்டாலும் அவரைத்தான் கொடுக்கிறாள். டேவிட், மாலுமி, அவளே வைத்த ஒரு பிறந்தநாள், அவளே திறந்த ஒரு மின்னஞ்சல். எங்களைப் பற்றி எந்தக் கம்பெனிக்கும் ஒன்றும் தெரியாது. அவரைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அவருக்குச் செருப்பு விற்கிறார்கள், கடன் தருகிறேன் என்கிறார்கள், வழுக்கைக்கு மருந்து சொல்கிறார்கள். உலகம் முழுவதிலிருந்தும் விளையாட்டுக் கம்பெனிகள் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகின்றன. இத்தனை பேர் வாழ்த்தும்போது வீட்டு மனிதர்கள் நாங்கள் சும்மா இருப்பது நன்றாக இல்லை என்று, ஒவ்வொரு வருடமும் அன்றைக்குக் கேசரி கிளறுகிறேன்.

சாப்பிடுவது இந்த டேவிட்தான். முந்திரி குறைவாக இருக்கிறது என்று குறையும் சொல்வார்.